மேல்சபைத் தேர்தல்: வந்த வழியும் வர வேண்டிய திருத்தமும்

கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மதரஸாவுக்கு ஓதப் போகும் சிறுவனும் மேற்கு மலையைச் சுட்டிக்காட்டி முல்லைப்பெரியாறு என்பான். டில்லி ராஜ்ய சபைக்கு உறுப்பினர் எவ்வழியாகச் செல்கிறார் என்று கேட்டால், படித்த பெரியவர்களிலும் பலர் விடை சொல்லத் தயங்குவர். "கட்சி அனுப்புகிறது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையே யாதொரு தொடர்பும் இல்லை என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். தொடர்பு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பெரியாற்று நீரைத் தமிழகப் பக்கம் திருப்புவதற்கான ஒப்பந்தம் 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் செய்யப்பட்டது. பென்னிகுக் கட்டிய அணை 1895-ல் பயனுக்கு வந்தது. லோயர் கேம்ப் வழியே இறங்கும் அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் விளைகிறது. அணையோ கேரள எல்லைக்குள் இருக்கிறது. அதை இயக்கும் பொறுப்பு தமிழகத்திடம் இருக்கிறது. இத்தகைய அணைகளின் பாதுகாப்பை ஒரு தேசிய ஆணையத்தின் பார்வையில் வைக்கும் அணைப் பாதுகாப்பு மசோதா 2021 டிசம்பர் 2-ஆம் நாள் ராஜ்ய சபையில் நிறைவேறியது. அதை முதலில் தேர்வுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று தமிழக உறுப்பினர்கள் கேட்டனர். அக்கோரிக்கை தோற்றது. அந்தச் சட்டம் நன்மையா தீமையா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. நம் வயலின் நீரைப் பற்றிய பேச்சு அந்தச் சபையில் நடக்கிறது என்றால், அங்கு நமக்காக அமர்ந்திருப்பவரை யார் தேர்ந்தெடுத்தார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை அறிந்து கொள்வது நம்மீது கடமையாகிறது.

சொத்துடையோர் சபை

டில்லி மேல்சபையின் வரலாறு 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அச்சட்டத்தின்படி 1921-ல் கூடிய 'கவுன்சில் ஆப் ஸ்டேட்' என்னும் அவையில் 60 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு வாக்களிக்கும் உரிமை பெரும் நிலவரியும் வருமான வரியும் செலுத்தியோர்க்கும், பட்டம் பதவி உடையோர்க்கும் மட்டுமே இருந்தது. இந்தியா முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 17,000 பேரே வாக்காளர். சென்னை ராஜதானி முழுமைக்கும் முஸ்லிம்களுக்கென ஓர் இடம் தனியே ஒதுக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அந்த ஓரிடத்துக்கு ஓட்டுப் போட்டவர் யார்? கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்த ராவுத்தர் அல்லர். சமுதாயத்தின் பெயரால் ஓர் இடம் இருந்தது. சமுதாயத்தின் கையில் ஓட்டு இருக்கவில்லை.

1935-ஆம் ஆண்டின் சட்டம் விந்தையான ஓர் ஏற்பாட்டைச் செய்தது. மத்தியில் கீழ்ச்சபையை மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுக்கும், மேல்சபையை வாக்காளர்கள் நேராகத் தேர்ந்தெடுப்பர் என்று தலைகீழாக எழுதி வைத்தது. சமஸ்தானங்கள் இணங்காமையால் சட்டத்தின் அப்பகுதி நடைமுறைக்கு வரவேயில்லை. மாகாணங்களைப் பற்றிய பகுதி 1937-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் முந்திய ஆண்டில் சில மாதங்கள் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் உத்தமபாளையத்தில் பிறந்த பி.டி. ராஜன் என்பதை நம் பகுதியினர் அறிவர். 1937-ல் சென்னையில் முதன்முறையாகச் சட்டசபை, மேல்சபை என இரண்டு அவைகள் அமைந்தன. அந்த மேல்சபையில் முஸ்லிம்களுக்கு 7 இடங்கள் இருந்தன. அங்கும் ஓட்டுரிமைக்குச் சொத்தே அளவுகோலாக இருந்தது.

எண் எழுதும் ஓட்டு

நாடு விடுதலை பெற்றதும் அரசியல் நிர்ணய சபையில் இவ்விவாதம் புதிதாகத் தொடங்கியது. இரண்டாம் அவை வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டும் என்று 1947 ஜூலையில் வாதிட்டவர் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த என். கோபாலசாமி அய்யங்கார். அவசரத்தில் செய்யப்படும் சட்டங்களைச் சற்றே நிறுத்தி, நிதானமாக ஆராயும் சபையாக அது இருக்கும் என்பது அவர் கூற்றின் சாரம்.

அதே சபையில் முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சும் நடந்தது. 1947 ஆகஸ்டில் பி. போக்கர் சாகிபும், 1949 மே மாதத்தில் காயிதே மில்லத் மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் சாகிபும் தனித்தொகுதி முறைக்காக வாதாடினர். அவ்வாதங்கள் ஏற்கப்படவில்லை. இடையில் 1949 ஜனவரியில் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த காஜி சையத் கரீமுத்தீன் வேறொரு வழியைக் காட்டினார். மதத்தின் பெயரால் தனித்தொகுதி வேண்டாம். கீழ்ச்சபைக்கு விகிதாசார முறையில் தேர்தல் நடத்துங்கள். சிறு கூட்டத்தாரும் தம் எண்ணிக்கைக்கேற்ற இடத்தைத் தம் ஓட்டாலேயே பெற்றுக் கொள்வர் என்பது அதன் கருத்து. டாக்டர் அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைந்த நாட்டில் இத்தகைய ஓட்டுமுறை நடவாது. ஆட்சியும் நிலையாக நில்லாது என்று அவர் காரணம் காட்டினார்.

கீழ்ச்சபைக்கு மறுக்கப்பட்ட அந்த விகிதாசாரத் தத்துவம் மேல்சபைக்கு ஏற்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, ராஜ்ய சபை உறுப்பினர்களை மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள் விகிதாசார முறையில், மாற்றத்தக்க ஒற்றை வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. சட்டசபை உறுப்பினர் ஒருவருக்கு ஓர் ஓட்டுத்தான் உண்டு. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை அவர் எழுதுவார். வெற்றிக்கு இத்தனை ஓட்டு என்று ஓர் அளவு வகுக்கப்படும். ஒருவர் அவ்வளவுக்கு மேல் பெற்றால், மிகுதியின் மதிப்பு அவ்வோட்டுகளில் இரண்டாவதாக எழுதப்பட்டவருக்குச் செல்லும். யாரும் அளவை எட்டாதபோது கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருடைய ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். எனவே ஓர் ஓட்டும் எளிதில் வீணாகாது. சிறு கட்சிக்காரர் பிறருடைய இரண்டாம் விருப்பத்தால் வெல்லலாம். தம் இரண்டாம் விருப்பத்தால் பிறரை வெல்லச் செய்யவும் செய்யலாம்.

1952-ஆம் ஆண்டு

இம்முறையின் பயன் முதல் தேர்தலிலேயே விளங்கியது. 1952-ல் சென்னைச் சட்டசபையில் 375 உறுப்பினர்கள். காங்கிரஸ் 152 இடங்களே பெற்றது; எவருக்கும் பெரும்பான்மை இல்லை. முஸ்லிம் லீகுக்குக் கிடைத்தவை 5. கம்பம் தொகுதியிலிருந்து சென்ற பி.டி. ராஜன் நீதிக்கட்சியின் ஒரே உறுப்பினராக அச்சபையில் அமர்ந்தார். அப்போது சென்னை மாநிலத்துக்கு ராஜ்ய சபையில் 27 இடங்கள். 375-ஐ 28-ஆல் வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 14 ஓட்டுப் பெற்றவர் வெற்றி பெறுவார் என்பது புலனாகும்.

ஐந்து உறுப்பினர்களை உடைய கட்சி பதினான்கு ஓட்டுக்கு எங்கே போகும்? பிறரிடம் சென்று பேசித்தான் பெற வேண்டும். காயிதே மில்லத் அவர்கள் அத்தேர்தலில் ராஜ்ய சபை உறுப்பினரானார்கள். 1958 வரை அச்சபையில் பணியாற்றினார்கள். தனித்தொகுதி கேட்டு மறுக்கப்பட்ட தலைவர், பொதுவான ஒரு சட்டசபையில், தம் கட்சியைச் சேராதவர்களின் நம்பிக்கையையும் பெற்று டில்லி சென்றார் என்பது நம் வரலாற்றில் சிறிய செய்தியன்று. பின்னர் சிராஜுல் மில்லத் ஆ.கா.அ. அப்துஸ் ஸமது சாகிபும் 1964 முதல் 1976 வரை அவ்வழியிலேயே அச்சபையில் இருந்தார்கள்.

இதைக் கூறுவதால், முஸ்லிம்கள் மேல்சபை வழியாக மட்டுமே பாராளுமன்றம் செல்ல முடியும் என்று யாரும் கருதிவிட வேண்டாம். நம் பகுதியே இதற்குச் சான்று. இன்று தேனி என வழங்கும் மக்களவைத் தொகுதி முன்பு பெரியகுளம் தொகுதியாக இருந்தது. 1967-ல் அத்தொகுதி மக்கள் சுதந்திரா கட்சியின் எச். அஜ்மல் கானையும், 1971-ல் முஸ்லிம் லீகின் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் சாகிபையும் தேர்ந்தெடுத்தனர். முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள தொகுதியில் பெரும்பான்மைச் சகோதரர்கள் நேரடி ஓட்டால் தந்த நம்பிக்கை அது. ஆயினும் நேரடித் தேர்தலில் கூட்டணி அமைவதையும் காற்று வீசுவதையும் பொறுத்தே அத்தகைய வாய்ப்பு வரும். எந்தக் காற்றிலும் சிறு கூட்டத்தாருக்கு எண்ணிக்கைக்கேற்ற இடம் கிட்ட வேண்டும் என்பதற்காகவே மேல்சபைக்கு வேறு முறை வைக்கப்பட்டது.

2003-ஆம் ஆண்டின் திருத்தம்

நல்ல முறையும் கெட்ட கைகளில் சிக்கினால் கெடும். சட்டசபை உறுப்பினர்கள் சிலர் இரகசிய ஓட்டின் மறைவில் தம் ஓட்டை விலைக்கு விற்கின்றனர் என்ற புகார் நாடெங்கும் எழுந்தது. இதைத் தடுக்கவென்று 2003-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, ராஜ்ய சபைத் தேர்தலில் இரகசிய ஓட்டு நீங்கி வெளிப்படை ஓட்டு வந்தது. மற்றொன்று, வேட்பாளர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. இந்தியாவில் எங்கு வாக்காளராக இருந்தாலும் எம்மாநிலத்திலிருந்தும் நிற்கலாம் என்றாயிற்று. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 ஆகஸ்டில் இவ்விரு மாற்றங்களும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இரண்டாவது மாற்றத்தின் விளைவைத் தமிழர்கள் நன்கறிவோம். சிவகங்கைச் சீமையின் ப. சிதம்பரம் 2016-ல் மகாராஷ்டிரத்திலிருந்து சென்றார். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரத்திலிருந்தும் பிறகு கர்நாடகத்திலிருந்தும் சென்றார். தமிழகத்தைச் சேர்ந்த எல். முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து சென்றார். இவர்களுடைய தகுதியைப் பற்றி நாம் ஏதும் கூற வரவில்லை. முன்பும் வாடகை முகவரி காட்டி வேறு மாநிலத்திலிருந்து சென்றோர் உண்டு. ஆனால் மாநிலங்களின் சபை என்று பெயர் வைத்துவிட்டு, மாநிலத்தோடு உறுப்பினருக்கு இருக்க வேண்டிய உறவைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டால், பெரியாறு போன்ற வழக்கில் யார் எம்மாநிலத்துக்காகப் பேசுவார்?

முதல் மாற்றத்தை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். வெளிப்படை ஓட்டு என்றதும், ஊருக்கெல்லாம் தெரியும் ஓட்டு என்று நாம் எண்ணுவோம். சட்டம் அவ்வாறு இல்லை. கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் தாம் எழுதிய சீட்டைத் தம் கட்சியின் அங்கீகாரம் பெற்ற முகவருக்கு மட்டும் காட்ட வேண்டும். வேறெவருக்கேனும் காட்டினால் ஓட்டு செல்லாது. 2017 ஆகஸ்டில் குஜராத்தில் அகமது படேல் போட்டியிட்ட தேர்தலில், காங்கிரஸ் உறுப்பினர் இருவர் தம் சீட்டை வேறு ஆளுக்கும் காட்டினர் என்பதற்காகத் தேர்தல் ஆணையம் அவ்விரு ஓட்டுகளையும் தள்ளியது, படேல் வென்றார். ஆகவே அந்த ஓட்டு கட்சிக்கு வெளிப்படை, மக்களுக்கு இரகசியம். கம்பம் தொகுதியின் உறுப்பினர் யாருக்கு முதல் விருப்பம் எழுதினார் என்பது கட்சி முகவருக்குத் தெரியும். அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய கம்பத்து மக்களுக்குத் தெரியாது.

வாணிபத்தை இது ஒழித்ததா? 2012-ல் ஜார்க்கண்டில் வெளிப்படை ஓட்டு நடைமுறையில் இருந்தபோதே பணம் கைமாறிய புகாரால் ராஜ்ய சபைத் தேர்தல் ரத்தாயிற்று. அது தொடர்பாக எழுந்த சீதா சோரன் வழக்கில், ஓட்டுக்குக் கையூட்டு வாங்கும் உறுப்பினரைச் சபையின் தனியுரிமை காக்காது என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 2024 மார்ச் 4-ல் தீர்ப்பளித்தனர். வரவேற்கத்தக்க தீர்ப்பு. கட்சி முகவரின் கண் மட்டும் காவலாகாது என்பதற்கும் அவ்வழக்கே சான்று.

இன்னொரு விளைவும் உண்டு. தமிழகத்தின் 18 இடங்கள் ஆறு ஆறாகக் காலியாகின்றன. சட்டசபையின் 234-ஐ 7-ஆல் வகுத்தால், வெற்றிக்கு 34 ஓட்டு. கட்சிகள் முன்னரே கணக்கிட்டு இடங்களைப் பங்கிட்டு விடுகின்றன. 2019, 2020, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் ஆறு இடங்களும் போட்டியின்றியே நிரம்பின. கடைசியாக 2013-ல் ஆறு இடத்துக்கு ஏழு பேர் நின்றனர். 23 உறுப்பினர்களே இருந்த தி.மு.க.வின் கனிமொழி, காங்கிரசும் மனிதநேய மக்கள் கட்சி முதலிய சிறு கட்சிகளும் துணை நின்றதால் 31 ஓட்டுப் பெற்று வென்றார். இருவர் மூவர் ஓட்டுக்கும் மதிப்பு வந்தது போட்டி இருந்தமையால். முஸ்லிம்கள் இன்றும் அச்சபைக்குச் செல்கின்றனர், 2021-ல் எம்.எம். அப்துல்லாவும் 2025-ல் எழுத்தாளர் சல்மாவும் சென்றனர். மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் செல்வது கட்சித் தலைமையின் தேர்வால்; எண் எழுதும் ஓட்டின் வலிமையால் அன்று.

பிற நாடுகளின் படிப்பினை

அமெரிக்காவில் 1913 வரை செனட் சபை உறுப்பினர்களை மாநிலச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. மொண்டானாவில் வில்லியம் கிளார்க் என்ற சுரங்க முதலாளி சட்டசபை உறுப்பினர்களை விலைக்கு வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் 1900-ல் பதவி விலக நேர்ந்தது. இல்லினாய்ஸின் லோரிமர் என்பவரின் தேர்வு 1912-ல் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. சலித்துப்போன மக்கள் பதினேழாம் திருத்தத்தின் வழியே தேர்தலை நேராகத் தம் கையில் எடுத்துக் கொண்டனர்.

ஆஸ்திரேலியாவின் செனட் சபைக்கு 1949 முதல் மக்களே விருப்ப எண் எழுதி வாக்களிக்கின்றனர். வேட்பாளர் பெருகி எண் எழுதுவது பெருஞ்சுமையானதால், 1984-ல் ஒரு கட்டத்தில் '1' என்று எழுதினால் போதும், மீதி வரிசையைக் கட்சியே தீர்மானிக்கும் என்று எளிமைப்படுத்தினர். கட்சிகள் தமக்குள் பேரம் பேசி விருப்பங்களைக் கைமாற்றின. 2013-ல் விக்டோரியாவில் முதல் விருப்ப ஓட்டில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பெறாத ரிக்கி மியூர் என்பவர் செனட்டரானார். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, விருப்ப வரிசை எழுதும் உரிமை மீண்டும் வாக்காளர் கைக்கே வந்தது. விருப்பத்தை வாக்காளரிடமிருந்து கட்சி எடுத்துக் கொண்டால் விகிதாசார முறை உருமாறிவிடும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

வேண்டிய திருத்தம்

அமெரிக்கரைப் போல நேரடித் தேர்தல் வைக்கலாமே என்பாரும் உண்டு. அவ்வாறு செய்தால் கீழ்ச்சபையில் பெரும்பான்மை பெற்ற காற்றே மேல்சபையிலும் வீசும். சிறு கூட்டத்தாருக்கு இருக்கும் ஒரே விகிதாசார வழியும் அடைபடும். ஆதலால் முறையை மாற்றாது, அதன் குறைகளைக் களைவதே நன்று.

முதலாவது, தேர்தல் முடிந்தபின் ஒவ்வொரு சட்டசபை உறுப்பினரும் எழுதிய விருப்ப வரிசையை அரசு வெளியிட வேண்டும். ஓட்டு என்பது ஒரு ஷஹாதத் என்றும், ஒரு வகாலத் என்றும் உலமாக்கள் விளக்கியுள்ளனர். சட்டசபை உறுப்பினர் நம்முடைய வகீல். வகீல் தாம் செய்ததற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியது தம்மை நியமித்தவரிடம் என்பது மதரஸாவில் ஓதும் மாணவரும் அறிந்த சட்டம். இடையில் உள்ளவருக்கு மட்டும் கணக்கைக் காட்டி, உரியவருக்கு மறைப்பது எவ்வகை அமானத்? இதனால் கட்சிக் கட்டுப்பாடு இன்னும் இறுகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கட்சி இப்போதே பார்க்கிறது. புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் மக்களே. மாற்றி வாக்களிப்பதனால் மட்டும் கட்சித் தாவல் சட்டப்படி பதவி போகாது என்பதும் 2006-ஆம் ஆண்டின் தீர்ப்பிலேயே உள்ளது.

இரண்டாவது, மாநிலத்தில் மெய்யாகவே சில ஆண்டுகள் வசித்தவரே அம்மாநிலத்திலிருந்து நிற்கலாம் என்ற நிபந்தனை திரும்ப வேண்டும். முகவரிச் சீட்டு மட்டும் போதாது. இவ்விரண்டுக்கும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 2003-ல் செய்தது போலச் சாதாரணச் சட்டமே போதும்.

மூன்றாவது சற்றுக் கடினமானது. 1986 நவம்பர் முதல் நாள் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டு மேலவையில் மூன்றில் ஒரு பங்கு இடங்களை உள்ளாட்சி மன்றத்தார் தேர்ந்தெடுத்தனர். பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் இருந்தது. அது போல ராஜ்ய சபையிலும் ஒரு பங்கை நகராட்சி, ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தரலாம். இன்று தேனி மாவட்டத்தின் பங்கு ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு தொகுதிகளின் நான்கு ஓட்டு மட்டுமே. அப்போதோ கம்பம், சின்னமனூர், போடி நகராட்சிகளில் நாம் அன்றாடம் சந்திக்கும் உறுப்பினர்களுக்கும் ஓட்டு இருக்கும். அங்கும் பணம் நுழையாதா என்று கேட்கலாம். நுழைய முயலும். அதனாலேயே முதல் திருத்தத்தைச் செய்து, ஓட்டை ஊரறிய வைத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும் என்கிறோம். இதற்கு அரசியல் சட்டத் திருத்தமும் மாநிலங்களின் இசைவும் தேவை.

சமுதாயப் பெரியோர்க்கும் ஜமாஅத்தார்க்கும் நாம் கூறுவது ஒன்று. சட்டசபைத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் சாலை, விளக்கு, தண்ணீர் பற்றிக் கேட்கிறோம். "ராஜ்ய சபைத் தேர்தலில் தாங்கள் யாருக்கு விருப்பம் எழுதினீர்கள் என்பதை எங்களிடம் சொல்வீர்களா?" என்ற கேள்வியையும் அவற்றோடு சேர்த்துக் கேட்போம். சட்டம் வெளியிடச் சொல்லும் நாள் வரும்வரை, தாமே முன்வந்து சொல்லும் உறுப்பினர் ஒருவரையேனும் அக்கேள்வி உருவாக்கக்கூடும். 1952-ல் ஐந்து பேரை வைத்துக் கொண்டு பதினான்கு ஓட்டுத் தேடிச் சென்றவர்களின் வழி வந்த நாம், கேள்வி கேட்கவும் கூசக் கூடாது.